ஐம்பத்தாறு கலனும் நாலு இருமலும்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதன், இரண்டை மூன்றால் பெருக்குவதற்காகக் கணினி முன்னால் அரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்து, ஆறுக்குச் சற்றுக் குறைவாக ஏதோ ஒரு விடையைப் பெற்று, அதற்காகச் சந்தோஷமும் பட்டான் என்றால் அந்த மனிதன் நான்தான். மறைத்துப் பயனில்லை. மகளின் படிப்புக்கென்று வாங்கிய கணினி அது. கல்குலேட்டர் வருமுன் கணக்குப் போடப் பயன்பட்ட ஸ்லைட் ரூல் என்ற மட்டையை அச்சொட்டாகத் திரையில் வரைந்து, அசையவும் வைத்திருக்கும் ஒரு செயலி அதில் எனக்கு அகப்பட்டது. மவுஸால் பிடித்து இழுத்தால் நடுச்சட்டம் நகரும். மெல்லிய கோடு போட்ட கண்ணாடி விடையின் மேல் போய் நிற்கும். தேத்தண்ணீரோடு வந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"கணக்குப் பாக்கிற மெசினுக்குள்ள, கணக்குத் தெரியாத மட்டையா?"

அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. முதல் விடை வந்ததும், யாராவது இருமுவார்கள் என்று கதவுத் திரைப் பக்கம் காதைக் கொடுத்துக் காத்திருந்தேன்.

வரிப்பத்தான்சேனையில் எனக்குப் பத்து வயது நடந்தபோது, நீர்ப்பாசனத்தில் வேலை பார்த்த மாமா சவூதிக்குப் புறப்பட்டார். அங்கே கல்குலேட்டர் மலிவு என்று தன் ஸ்லைட் ரூலை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீருக்கு முன்னால் நான் பரிமாறப்பட்டேன். வந்தவர் இரண்டு எண்களைச் சொல்வார். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தை இழுத்து விடை சொல்வேன். வாப்பா தன் சொந்த வயலின் விளைச்சலைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார்.

ஸ்லைட் ரூலில் ஒரு சங்கடம் உண்டு. அது இலக்கங்களைத் தருமே தவிர, புள்ளியைத் தராது. ஐந்து, ஆறு என்று காட்டினால் அது ஐந்து தசம் ஆறா, ஐம்பத்தாறா, ஐந்நூற்று அறுபதா என்பதை அதைப் பிடித்திருப்பவனின் மூளைதான் சொல்ல வேண்டும். என்னிடம் அந்தப் பாகம் இருக்கவில்லை. ராத்தாவிடம், என் அக்காவிடம், இருந்தது. வெளியாட்கள் வந்தால் ராத்தா திரைக்கு அப்பால் நிற்பார். எண்கள் காதில் விழுந்ததும் மனதுக்குள் உத்தேசமாகப் பெருக்கிப் பார்த்து இருமுவார். ஓர் இருமல் என்றால் ஒன்றுகள், இரண்டு என்றால் பத்துகள், மூன்று என்றால் நூறுகள். விடையைச் சொல்வது நான். வாப்பா தடவிக் கொடுப்பது என் தலையை. ராத்தாவுக்குக் கிடைத்தது, இந்த இருமலுக்கென்று வாப்பா அவித்துக் கொடுக்கச் சொல்லும் கொத்தமல்லித் தண்ணீர்.

அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சையில் ராத்தாவுக்குக் கணிதத்தில் அதிவிசேட சித்தி. உயர்தரத்தில் அதையே படிக்க வேண்டுமானால் கல்முனையில் சாச்சி வீட்டில் தங்க வேண்டும். வாப்பா "பாப்பம்" என்றார். எங்கள் வீட்டில் "பாப்பம்" என்பது இல்லை என்பதற்கு மரியாதையான பெயர். அங்கே பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுக்க இரண்டு நாள்தான் மிச்சம். பள்ளிவாசல் லெவ்வையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார்.

லெவ்வை வந்த நேரம் பார்த்து எங்கள் கோழி தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. விழுந்த பயத்தில் செய்யக்கூடாததையும் செய்துவிட்டது. ராத்தாவின் படிப்பு பின்னால் போய், தொட்டித் தண்ணீரில் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளுச் செய்யலாமா என்ற கேள்வி முன்னால் வந்தது.

மார்க்கக் கிதாபில் இதற்கு அளவு உண்டு. இரண்டு குல்லத்துத் தண்ணீர் இருந்து, நிறமும் மணமும் மாறாவிட்டால் அது சுத்தம். குறைந்தால் அவ்வளவையும் வெளியே ஊற்ற வேண்டும். "ரெண்டு குல்லத்த அம்பது கலன் எண்டு வெச்சிக்குவம்" என்று சொல்லி, கையால் முழம் போட லெவ்வை சட்டையைச் சுருட்டினார். வாப்பா தடுத்தார். வீட்டில் நான் இருக்க முழம் எதற்கு?

மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடித் தண்ணீர். கன அடிக்கு ஆறேகால் கலன். சட்டத்தை இழுத்தேன். ஐந்து, ஆறு. சட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் திரைப் பக்கம் காதைக் கொடுத்தேன். குசினியில் உம்மா செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த நெடி வீடு முழுவதும் நிறைந்திருந்தது. இருமல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"ஐயாயிரத்து அறுநூறு கலன்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

லெவ்வை தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மனே, இது தொட்டியா, சேனநாயக்க சமுத்திரமா?"

வாப்பா கீழே குனிந்து கோழியைப் பார்த்தார். அப்போது திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அம்பத்தாறு, வாப்பா. ஒம்பது கன அடி, ஆறால பெருக்கினா அம்பத்திநாலு, அதுக்குக் கொஞ்சம் மேல. தண்ணிய ஊத்தத் தேவல்ல."

லெவ்வை வாப்பாவின் பக்கம் திரும்பிச் சிரித்தே விட்டார். "காக்கா, மட்டைய வெச்சிரிக்கிறவன் இவன். மூளைய வெச்சிரிக்கிறது அங்கால நிக்கிது. இன்னும் என்னத்தப் பாக்கப் போறீங்க?"

மறுநாள் காலை வாப்பா ராத்தாவைக் கல்முனைக்குக் கூட்டிப் போனார்.

சபையில் என்னை வெட்கப்படுத்திவிட்டார் என்று ஒரு கிழமை நான் ராத்தாவோடு கதைக்கவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டு, ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தார். நான் சாதாரண தரம் தாண்டியது அப்படித்தான். பின்னாளில் ராத்தா நீர்ப்பாசனத்தில் பொறியியலாளராகி, உண்மையான குளங்களையே அளந்தார். தன்னுடைய மூளையை அத்தனை நாள் பெயரில்லாமல் எனக்கு இரவல் தந்திருந்தார் என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை.

கணினியில் அந்தச் சட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது வேறொன்றும் விளங்கியது போலிருந்தது. உம்மா மிளகாய் வறுப்பது காலையில்தானே? அன்று பின்னேரம் ஏன் வறுத்தார்? தாயும் மகளும் பேசி வைத்து, நான் பிழைவிட்டு, ராத்தா வாய் திறக்க ஒரு வழி செய்திருக்கிறார்கள்! கண் கலங்கிவிட்டது. உடனே ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்து, நன்றியோடு சேர்த்து இந்தக் கண்டுபிடிப்பையும் ஒப்புவித்தேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு ராத்தா சொன்னார்: "உம்மா சம்பலுக்கு வறுத்தவ, தம்பி. நான் எப்பயும் போல ரெண்டு தரந்தான் இருமினன். மத்த ரெண்டும் லெவ்வை இருமினது."