வேலி இலைக் கஷாயம்

பெரியவளே, இதில் பாதி உனக்குத் தெரியும். சின்னவளே, நீ அப்போது நாலாம் வகுப்பு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதோடு உன்னிடம் நிறுத்திக்கொண்டோம். இரண்டு பேருக்குமாக முழுவதையும் ஒரு தடவை எழுதிவைக்கிறேன். பத்தாவது வரை படித்தவனின் எழுத்து, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அமெரிக்காவில் இந்த சுகர் லேண்டுக்கு வந்த ஆறாவது வருஷம் அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. டேகேர் சமையலறையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். இதய டாக்டர் அவள் நெஞ்சில் துடிப்பைப் பதிவு செய்யும் ஒரு பட்டையை ஒட்டி, இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தார். துடிப்பு அங்கங்கே தப்புகிறது என்றார். காலையும் மாலையும் மாத்திரை கொடுத்தார். காபி, டீ கூடவே கூடாது, அதில் இருக்கும் கஃபீன் நெஞ்சைக் கிளப்பிவிடும் என்றார்.

உங்கள் அம்மா சோற்றை விட்டாலும் விடுவாள், காபியை விடமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் ஃபில்டரைக் கழுவித் துடைத்து மேல் அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டாள். நானும் அன்றோடு விட்டேன். நான் வேலை பார்க்கும் மளிகைக் கடையில் அரிசி மூட்டை இறக்கி முடித்ததும் காபி இல்லாமல் தலை பிளக்கும். அவளிடம் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அங்கிளை உங்களுக்குத் தெரியும். எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்து ரிடையர் ஆன வெள்ளைக்காரர். நமக்கும் அவருக்கும் நடுவே வேலியாக ஒரு புதர் நிற்கிறதே, சின்னச் சின்ன இலை, குளிர்காலத்தில் சிவப்புப் பழம், அதற்குப் பெயர் யோபான். பழம் பறவைக்கு, நீங்கள் வாயில் வைக்காதீர்கள் என்று அவர் உங்களை எச்சரித்தது ஞாபகம் இருக்கும். அது இந்த மண்ணின் செடி. இங்கே முதலில் வாழ்ந்த பழங்குடி மக்களே அந்த இலையைக் காய்ச்சிக் குடித்தார்களாம். வேலியை வெட்டிவிட்ட ஒரு சனிக்கிழமை, இலையை ஓவனில் வறுத்து ஒரு கண்ணாடிப் பாட்டில் நிறையக் கொடுத்தார். ஹெர்பல் டீ, நம் வேலியில் வந்தது என்றார்.

மூலிகை கெடுதல் செய்யாது என்பதோடு என் அறிவு நின்றுவிட்டது. அம்மாவின் நெஞ்சைப் பற்றி அவரிடம் நான் மூச்சு விடவில்லை. வீட்டு நோயை வாசல் தாண்டிச் சொல்வது நம் வழக்கம் இல்லை. சொல்லியிருந்தால் அந்த வேலி ஓரத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

ஒரு ஸ்பூன் இலையை வெந்நீரில் ஐந்து நிமிஷம் ஊறவைத்து வடிகட்டச் சொன்னார். ஊறவைத்தால் சத்து இறங்குமா என்று எனக்குத் தோன்றியது. ஒரு கைப்பிடி இலை போட்டு, நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒரு டம்ளராகச் சுண்டும்வரை காய்ச்சினேன். கருப்பட்டி தட்டிப் போட்டேன்.

"என்னங்க, டீ மாதிரியே இருக்கு."

"டீ இல்ல. இலை."

"டீயும் இலைதான?"

"பேசாம குடி."

குடித்த அரை மணி நேரத்தில் அவள் முகம் தெளியும். களைப்பே தெரியவில்லை என்பாள். அதைக் கேட்ட சந்தோஷத்தில் சாயங்காலமும் ஒரு டம்ளர் கொடுத்தேன். தூக்கம் போனது. படபடப்பு கூடியது. நோய் முற்றுகிறது என்று நினைத்து, நான் இலையைக் கூட்டிப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பட்டை ஒட்டிப் பார்த்த டாக்டரின் முகம் சுருங்கியது. மாத்திரைக்குக் கேட்கவில்லை, தொடை வழியாக மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் விட்டு, தப்பு செய்யும் இடத்தைச் சுட்டுவிடலாம் என்றார். பெரியவளே, பள்ளிக்கு லீவு போட்டு எங்களுக்கு மொழிபெயர்க்க வந்திருந்த நீதான் இதைத் தமிழில் சொன்னாய். அப்புறம் இன்னொன்று கேட்டாய்.

"அப்பா, அம்மா வேற ஏதாவது எடுக்கறாங்களான்னு கேக்கறாங்க. ஹெர்பல், ஹோம் ரெமெடி, எனிதிங்."

இலையெல்லாம் மருந்தா என்று ஒரு மனம். வேலியில் வெட்டியதைக் காய்ச்சிக் குடிக்கிறோம் என்றால் நம்மை என்னவென்று நினைப்பார் என்று இன்னொரு மனம். இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. அதை இன்றுதான் எழுத முடிகிறது.

"ஒண்ணும் இல்லேன்னு சொல்லு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நீ டாக்டரிடம், "நோ, நத்திங்," என்றாய். குழாய் விடுவதற்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு ஒன்பது நாள் முன்னால், குப்பைத் தொட்டியை வெளியே தள்ளிக்கொண்டு போனபோது அங்கிள் நின்றிருந்தார். இலை பிடித்திருந்ததா என்று கேட்டார். தினமும் இரண்டு வேளை என்றேன். அவர் சிரித்தார். மதியத்துக்கு மேல் குடிக்காதே, தூக்கம் வராது, காபியில் இருக்கும் அதே கஃபீன்தான் இதிலும், அதனால்தான் நான் காபி வாங்குவதையே நிறுத்திவிட்டேன் என்றார்.

தொட்டியை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்தேன். இலையைத் தந்தவருக்கு நோய் தெரியாது. நோயைப் பார்த்தவருக்கு இலை தெரியாது. இரண்டையும் தெரிந்துவைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தவன் நான் ஒருவன்.

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் காபியவே குடிச்சிருப்பேனே. மூணு மாசமா இந்தத் தழையக் குடிக்க வச்சீங்க."

சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. "நான் செத்துப் போயிருந்தா?" என்றாள்.

டாக்டர் ஆபீசுக்கு நானே போன் பண்ணினேன். பெரியவளே, பள்ளியிலிருந்து நீ வரும்வரை காத்திருந்திருக்கலாம். ஆனால் நான் சொன்ன பொய்யை மறுபடியும் உன் வாயாலேயே திருத்தச் சொல்ல மனம் ஒப்பவில்லை. சொல்ல வேண்டியதை ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டேன். "ஐ டோல்ட் ராங். மை ஒய்ஃப் டிரிங்க் லீஃப். லீஃப் ஹேவ் கஃபீன். மை மிஸ்டேக்." போனை எடுத்த பெண் இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள். இரண்டு தடவையும் வாசித்தேன். சாயங்காலம் டாக்டரே கூப்பிட்டார். குழாய் விடுவதைத் தள்ளி வைத்தார். இலையை நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி பட்டை என்றார்.

அந்த வாரமே நீ கம்ப்யூட்டரில் பேஷன்ட் போர்ட்டலைத் திறந்து டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டாய். காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய்.

"யூ மேட் மீ சே நோ, அப்பா."

"ஆமாம்மா."

"உங்களுக்குத் தெரியும்."

"கஃபீன் தெரியாது. குடிக்கறது தெரியும்."

அதற்குப் பிறகு ஃப்ரீவே முழுவதும் நீ ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாய். நான் ரேடியோவைக்கூடப் போடவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பார்த்ததில் துடிப்பு தப்புவது குறைந்திருந்தது. அடியோடு நிற்கவில்லை. இப்போதைக்குச் சுட வேண்டாம், மாத்திரையோடு பார்ப்போம் என்றார் டாக்டர். பிறகு அந்தப் பழைய கேள்வியையே கேட்டார், வேறு ஏதாவது எடுத்துக்கொள்கிறாரா என்று. நீ மொழிபெயர்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "நீங்களே சொல்லுங்க," என்றாய்.

சொன்னேன். சீரகத் தண்ணீர். வயிறு உப்பினால் ஓமம். சளி பிடித்தால் சுக்கு, மிளகு, துளசி. செவ்வாய், வெள்ளி தலைக்குக் குளித்தால் நல்லெண்ணெய். இங்கிலீஷ் தெரியாததைத் தமிழிலேயே சொன்னேன். டாக்டர் ஒவ்வொன்றாக நிறுத்தி எழுத்துக் கேட்டார். நீதான் கடைசியில் எழுத்துக் கூட்டிச் சொன்னாய்.

முடிந்தது என்று நான் எழுந்திருக்கப் போனேன். அம்மா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"தீபாவளி லேகியத்த விட்டுட்டீங்க."