ஒரு மத்தியானம் எங்களுக்கு இருந்த கார்னர் மனை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் எங்களுக்கு ஒரு மனை இருந்தது. கார்னர் மனை. கிழக்குப் பார்த்த வாசல். பின்கதவைத் திறந்தால் கல்வராயன் மலை.

சரி, பொய். பின்கதவும் இல்லை, முன்கதவும் இல்லை. அந்த மனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான் எங்களுடையதாக இருந்தது. அதுவும் பிரியாணி வரும் வரைக்கும்.

எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ. பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பதில் வாத்தியாருக்கும் எனக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போவார்கள். வாய்க்கால் புறம்போக்கில் எங்கள் கூரை வீடு. மழை வந்தால் எந்த மூலை ஒழுக வேண்டும் என்று கூரை அப்போதைக்கு அப்போது முடிவு செய்யும். அம்மா மண் அடுப்பைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை அலைவாள். பாதி வெந்த சோறும் கூடவே அலையும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மனை வியாபாரி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கரும்புக் கொல்லையை வாங்கி, கல் நட்டு, கலர் கொடி கட்டி, 'நகர்' என்று பேர் வைத்து விற்கிற வியாபாரி. மெட்ராஸிலிருந்து வேனில் ஆள் கூட்டிவந்து காட்டுவார்கள். வருகிறவர்கள் வெறும் பொட்டலைப் பார்த்துத் தயங்கிவிடக் கூடாது. அதனால் நாலைந்து குடும்பங்கள் முன்னாடியே வந்து, மனை வாங்குகிறவர்கள் மாதிரி அங்கே நிற்க வேண்டும். அந்தக் குடும்பங்களைப் பிடித்து வருவதுதான் மாமாவின் உத்தியோகம். நின்றதற்குக் கூலி பிரியாணி.

அந்த ஞாயிறு எங்கள் முறை. அம்மா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டாள். அப்பாவுக்கு மாமாவின் பேண்ட். மடித்து விட்ட பிறகும் அது தரையைக் கூட்டியது. எனக்கு யாரோ ஒரு பையனின் ஷூ. இரண்டு காலும் சண்டை போட்டுக்கொண்டதுபோல ஆளுக்கொரு பக்கம் போயின.

அந்தக் கொல்லையில் அப்பாவும் அம்மாவுமே கரும்பு வெட்டியிருக்கிறார்கள். அடிக்கட்டைகள் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தன. அம்மா அவற்றுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்ததைப் பார்த்து மாமா பதறிவிட்டார்.

"யக்கா, பழகுன காலு மாரி நடக்காதக்கா. குத்துற மாரி நட. 'ஸ்ஸ்'ஸுன்னு சொல்லு."

"குத்தலயேடா."

"குத்தலன்னாலும் சொல்லுக்கா. வர்றவங்க இன்னா நெனப்பாங்க?"

அப்பா கட்டையே இல்லாத இடத்திலும் 'ஸ்ஸ்' சொல்லிக்கொண்டு நடந்தார்.

எனக்கும் ஒரு வசனம் கொடுத்திருந்தார்கள். மெட்ராஸ்காரர்கள் கிட்டே வந்ததும், "யப்பா, இந்த எடத்தயே வாங்கலாம்பா" என்று நான் சொல்ல வேண்டும். வந்தவர்களுக்கு ஆசை வந்ததும் மாமா தலையிலிருந்து தொப்பியைக் கழற்றுவார். உடனே நாங்கள் "வேற பாக்கலாம்" என்று விட்டுக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

எங்களைக் கார்னர் மனையில் நிறுத்திவிட்டு மாமா வேனைப் பார்க்கப் போனார். "ரயில் வருதுங்க, காலேஜ் வருதுங்க" என்று, வராத எல்லாவற்றையும் அங்கே வரவழைத்துக்கொண்டிருந்தார்.

சும்மா நின்ற அம்மா, ஒரு குச்சியை எடுத்துத் தரையில் கோடு போட ஆரம்பித்தாள். இது வாசல். இது தண்ணீர்க் குடம். ஒரு மூலையில் மூன்று மண்கட்டிகளைக் கூட்டி வைத்தாள்.

"இன்னாமே பண்ற?" என்றார் அப்பா.

"அடுப்பு. இங்கதான். இங்கேர்ந்து நவுராது."

அப்பா சிரித்தார். பிறகு கோட்டை மிதிக்காமல் சுற்றிப்போய், செருப்பை வெளியே விட்டுவிட்டு, வாசல் வழியாகவே உள்ளே வந்தார்.

மாமாவோடு மெட்ராஸ்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாள் குடையோடு நேராக நடந்துவந்து மூலையில் நின்றார். என் நேரம் வந்துவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்துச் சொன்னேன்.

"மாமா, பிரியாணி எப்ப?"

என்னைப் பெற்றவர்கள் யாரோ என்பதுபோல மாமா மலையைப் பார்த்தார். ஆனால் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. அடுப்பு மேல நிக்கிறீங்க."

அந்த அம்மாள் பதறி நகர்ந்தார். மண்கட்டிகளையும் கோடுகளையும் ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "ஏங்க, இந்த இடம் நல்லா இருக்குல்ல?" என்று கணவரிடம் கேட்டார்.

மாமா தொப்பியைக் கழற்றினார். அம்மா அசையவில்லை. மாமா அதை மாட்டிக்கொண்டு மறுபடி கழற்றினார்.

"இது நாங்க பாத்துகினு கீறம்ங்க," என்றாள் அம்மா. "வேற எம்மாம் எடம் கீது. அத்தப் பாருங்க."

"அட்வான்ஸ் கொடுத்துட்டீங்களா?" என்றார் மெட்ராஸ்காரர்.

 அம்மா கையிலிருந்த குச்சியைக் கீழே போடவில்லை. அப்பாதான் கிட்டே போய், "வாமே, போலாம்" என்றார். அம்மா போனாள். வாசல் வழியாகத்தான் போனாள்.

மெட்ராஸ்காரர்கள் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். மாமா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"இன்னா ஆக்ட்டுக்கா! நீ வுடமாட்டேன்னு நின்னியே, அதுலதான் அவங்களுக்கு வெறியே வந்துச்சு!"

சிரித்துக்கொண்டே அக்காவின் முகத்தைப் பார்த்தவர், சட்டென்று தொப்பியை மாட்டிக்கொண்டு வேன் பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, தன்னுடைய பிரியாணிப் பொட்டலத்தையும் அம்மாவின் மடியில் வைத்துவிட்டுப் போனார். அம்மா தன்னுடையதையே பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் நான்தான் தின்றேன். மாமாவின் பொட்டலத்தில் முட்டை இருந்தது.

எங்கம்மாவை மாதிரி நடிக்க ஆள் கிடையாது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அடுத்த ஞாயிறு வேன் வந்தது. மாமா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. தரையில் விழுந்து புரண்டேன்.

"வாம்மா, நாமளே போலாம். அதே மாரி நடிம்மா."

"எனுக்கு நடிக்கத் தெரியாதுடா," என்றாள் அம்மா.

இவ்வளவு பெரிய நடிகைக்கு எவ்வளவு அடக்கம் என்று நினைத்து, அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வயதில் எனக்கு என்ன தெரியும், அம்மா அன்றைக்கு அங்கே...

இருங்கள், கூப்பிடுகிறாள்.

"டேய்! தூறல் போடுது, அங்க இன்னா கத அளந்துகினு கீற? வந்து அடுப்பத் தூக்குடா!"

இப்போது கேஸ் அடுப்பு. சிலிண்டரையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.