லோடுக்குக் கை காட்டியவள்

அம்மா வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்துக் குறுக்காக ஆட்டினாள். நிறுத்து என்று பொருள். நான் பலகையைப் பிடித்தபடி நின்றேன். நாய்க்குட்டி சமையலறைக்குள் நுழையாமலிருக்க வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்குப் பொருத்த வேண்டிய பலகை அது. வலப்பக்கம் சற்று ஏறியிருப்பதாக என் ரசமட்டம் காட்டியது. சொன்னேன்.

"நாய்க்குட்டி என்ன ரசமட்டம் வெச்சுப் பாக்கவா போகுது? முடுக்குடி" என்றாள்.

முடுக்கினேன். குட்டி வந்தது. பலகையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முகர்ந்தது. ஏறியிருந்த பக்கத்தின் அடியில் தலையைக் கொடுத்து, உடம்பை நெளித்து, உள்ளே போய்ச் சமையலறை நடுவில் உட்கார்ந்துகொண்டது. அம்மா கட்டைவிரலை உயர்த்தினாள். பாராட்டு எனக்கா குட்டிக்கா என்று கேட்கவில்லை.

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். மறுநாள் மதியம், நான் வேலைக்குப் போயிருந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அம்மா இறந்துபோனாள். இதயம் என்றார் மருத்துவர்.

துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுவது அம்மாவின் தொழில். கிரேன் ஓட்டுபவர் உயரத்தில் ஒரு கூண்டுக்குள் இருப்பார். கப்பலின் வயிற்றுக்குள் சரக்கு எங்கே இறங்குகிறது என்பது அவருக்குத் தெரியாது. கீழே நிற்பவரின் கைதான் அவருக்குக் கண். வாயால் சொல்லிப் பயனில்லை. அந்த இரைச்சலில் அம்மாவின் இடது காது மந்தமாகிவிட்டது. பேச்சும் அதோடு சேர்ந்து குறைந்துவிட்டது.

வீட்டிலும் கைதான். காலையில் என் கட்டிலருகே நின்று, சுட்டுவிரலை மேலே நீட்டி வட்டமிடுவாள். தூக்கு என்று பொருள். கண்ணை மூடியிருப்பவளுக்கு அது எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். "கண்ணத் தொறந்துக்கிட்டுத்தானே கேக்குற, எந்திரி" என்றாள். தெருவில் யாராவது வண்டியைப் பின்னுக்கு எடுக்கத் திணறினால், காய்கறிப் பையைத் தரையில் வைத்துவிட்டு நடுவீதிக்குப் போய்விடுவாள். யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. அவள் கையை மீறி ஓட்டியவரும் இல்லை.

ஓய்வு பெற்ற அன்று தலைக்கவசத்தைத் தலையில் அணியாமல் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். உள்ளே பழுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. கிடங்குக்குப் பின்னால் ஒரு நாய் ஈன்ற குட்டிகளில் யாரும் எடுக்காமல் மிஞ்சியது. "லோடு இறங்கியாச்சு" என்றாள். அதுவே பெயராயிற்று.

நாங்கள் இருப்பது மாடிப் பகுதி. கீழே வீட்டுக்கார அம்மா, தனியாக. முன்பு குடியிருந்தவர்களின் நாய் மரப்படிகளை நாசமாக்கிவிட்டுப் போயிருந்தது. மழை நாளில் அந்த வாடை இப்போதும் எழும். அவர் குட்டியைப் பார்த்தார். "படியில ஒரு சொட்டு பாத்தாலும் இது வேற வீடு பாத்துக்கணும். நீங்க இல்ல, இது மட்டும்" என்றார். அம்மா தலையாட்டினாள். அன்றிலிருந்து மாடிப்படியில் அவள் லோடை நடக்கவிட்டதே இல்லை. தூக்கிக்கொண்டு இறங்குவாள், தூக்கிக்கொண்டு ஏறுவாள்.

முதலில் எல்லாம் கோணலாகத்தான் போயிற்று. லோடு கதவருகே சிறுநீர் போனது, கட்டிலடியில் போனது, என் அலுவலகப் பையில் போனது. தனியாக விட்டால் ஊளையிட்டது. "நல்ல காதத் தலகாணியில அமுக்கிப் படுத்தா எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றாள் அம்மா. கீழ் வீட்டுக்குக் கேட்குமே என்றதும் எழுந்து போய், தன் பழைய வேலைச் சட்டையை எடுத்துக் குட்டியின் பெட்டியில் போட்டாள். கிரீஸும் வியர்வையும் ஊறிய சட்டை. லோடு அதற்குள் மூக்கைப் புதைத்தது. ஊளை நின்றது.

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். காரணம் தெரியாமல் ஒன்று வேலை செய்தால் எனக்குத் தாங்காது. படித்துப் பார்த்ததைச் சொன்னேன். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோக வேண்டும். எப்போதும் ஒரே இடம். காரியம் முடிந்த கணத்திலேயே தின்பதற்கு ஏதாவது. வீட்டுக்குள் போய்விட்டால் திட்டக் கூடாது. ஃபினாயிலால் துடைத்தால் வாடை முழுதாகப் போகாது, வினிகர் வேண்டும். "தரைய ஊறுகா போடச் சொல்ற" என்றாள். ஆனால் போட்டாள். அந்த மூலைகள் தப்பின.

அப்புறம் நடந்ததுதான் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. நாய்க்குட்டி சிறுநீர் கழிக்கும் முன் தரையை முகர்ந்து ஒரு வட்டம் போடும். முற்றத்துப் புல் ஓரத்தில் லோடு வட்டம் போடும்போதெல்லாம் அம்மாவின் கை தாழ்ந்தது. சுட்டுவிரல் தரையைக் காட்டிச் சிறு வட்டம் போட்டது. கிரேனுக்கு அது 'இறக்கு'. பழக்க தோஷம், வேறொன்றுமில்லை. சில வாரங்களில் வரிசை மாறியது. விரல் முதலில் சுற்றியது, லோடு பிறகு சுற்றியது. எந்த நாளில் மாறியது என்று கண்டுபிடிக்க நான் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன். பிடிபடவில்லை. அம்மாவைக் கேட்டால், "அதுக்குப் புரிஞ்சிருச்சு, எனக்கும் புரிஞ்சிருச்சு. உனக்கென்ன?" என்றாள்.

எனக்கும் கை காட்டிப் பார்க்க ஆசை. அனுமதிக்கவில்லை. துறைமுகத்தில் அது விதி: ஒரு நேரத்தில் ஒருவர்தான் கை காட்டலாம். "ரெண்டு பேர் காட்டினா சரக்கு எவன் தலையிலயாவது எறங்கும்" என்றாள்.

ஒரு மாலை வீட்டுக்கார அம்மா நிலவரம் பார்க்க மேலே வந்தார். தரை காய்ந்திருந்தது, வாடை இல்லை. திருப்தியோடு உட்கார்ந்தார். பேச்சுக்குப் பேச்சாக, நீங்கள் இறக்கியதிலேயே பெரியது எது என்று கேட்டார். அம்மாவிடம் அதை மட்டும் கேட்கக் கூடாது. எழுந்து நின்றுவிட்டாள். ஒரு ரயில் எஞ்சின். பலத்த காற்று. கப்பல் ஆடுகிறது. கிரேன்காரர் மேலே காத்திருக்கிறார். அம்மாவின் கை தாழ்ந்தது. விரல் மிக மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

லோடு மென்றுகொண்டிருந்த செருப்பு வாரை விட்டுவிட்டு அறையின் நடுவுக்கு வந்தது. விரலைப் பார்த்தது. புல்லைத் தேடியது. இல்லை. உத்தரவு உத்தரவுதான் என்று ஒரு வட்டம் போட்டு வீட்டுக்கார அம்மாவின் காலருகே குந்தியது. எஞ்சின் இன்னும் தளத்தைத் தொடாததால் அம்மாவின் விரல் நிற்கவில்லை. விரல் நிற்காததால் லோடும் நிறுத்தவில்லை.

வீட்டுக்கார அம்மா நனைந்த செருப்பிலிருந்து காலை மெல்ல எடுத்தார்.

"அது மேல தப்பில்ல. நான் எறக்குன்னேன், எறக்கிருச்சு" என்றாள் அம்மா.

"கதை விடாதீங்க. எங்க, இன்னொரு தடவ எறக்கச் சொல்லுங்க."

அம்மா குட்டியைப் பார்த்தாள். "இப்போ சரக்கு இல்ல."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். வீட்டுக்கார அம்மா சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றத்தில் தன் கண்ணெதிரே காட்ட வேண்டும், கை காட்டிய இடத்தில் போனால் குட்டி இருக்கலாம், இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒற்றைச் செருப்போடு படியிறங்கினார்.

அவர் போன பிறகு அம்மா வினிகரை எடுத்தபடி சொன்னாள்: "ஞாயித்துக்கெழம முடியட்டும். உனக்குக் கை மாத்தி விட்டுடறேன். நான் ரெண்டு நாள் படுத்துட்டா அது யாரப் பாக்கும்?"

வேலை நேரம் மாறும்போது துறைமுகத்தில் அப்படித்தான் செய்வார்களாம். பழைய ஆளும் புது ஆளும் தோளோடு தோள் நிற்பார்கள். ஒரு சரக்குக்கு மட்டும் இருவரும் ஒன்றுபோலக் கை காட்டுவார்கள். கிரேன்காரர் பார்த்துக்கொள்வார். பிறகு பழையவர் கையைக் கீழே போட்டுவிடுவார்.

அந்த ஞாயிறு வீடு நிறைய துக்கம் கேட்க வந்த ஆட்கள். யாரும் நாய்க்குட்டியைப் பற்றிப் பேசவில்லை.

அதற்கடுத்த நாட்களில் லோடை நான் கீழே தூக்கிப்போனேன். அதே புல் ஓரம், அதே நேரம். அது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. திரும்பி மேலே வந்ததும் மிதியடியில் போனது. ஒருநாள் என் கையிலிருந்து நழுவி இறங்கி, படியிலேயே போய்விட்டது. கீழ் வீட்டுக் கதவு திறப்பதற்குள் துடைத்துவிட்டேன். மாலையில் வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றிருந்தார். "வினிகர் வாடை வருது" என்றார். படியை ஒருமுறை பார்த்தார். "வர்ற ஞாயித்துக்கெழம கொண்டா" என்றார்.

ஞாயிறு காலை நான் இறங்கியபோது அவர் முற்றத்தில் நின்றிருந்தார். செருப்பு போடவில்லை, வெறுங்கால். லோடைப் புல் ஓரத்தில் விட்டேன். பக்கத்தில் குந்தி, தரைக்கு மிக அருகே விரலைச் சுற்றினேன். போடா கண்ணு, இங்கதான், அம்மா சொல்லுவாங்கல்ல, போ, போடா என்றெல்லாம் சொன்னேன். லோடு என் விரலை நக்கியது. மறுபடியும் சுற்றினேன், மறுபடியும் சொன்னேன். அது மல்லாந்து வயிற்றைக் காட்டியது.

"உங்கம்மா இவ்ளோ பேச மாட்டாங்களேம்மா" என்றார் வீட்டுக்கார அம்மா.

எழுந்தேன். வாயை மூடிக்கொண்டேன். சுவர் வரை பின்னால் நடந்து நிமிர்ந்து நின்று, வலது கையைத் தாழ்த்தி விரலைச் சுற்றினேன்.

லோடு புரண்டு எழுந்தது. என் கையைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், இன்னொருவர் நின்றிருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தது. அங்கே சுவர்தான் இருந்தது. மாடி ஜன்னலைப் பார்த்தது. திரும்ப என் பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்தது. என் தோள் வலித்தது. நான் விரலை நிறுத்தவில்லை.

கடைசியில் அதன் பார்வை என் கைக்கு வந்தது. புல்லை முகர்ந்தது. மெதுவாக, ஒரு வட்டம் போட்டது.

லோடு குந்தியதும் வீட்டுக்கார அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அது முடித்துவிட்டு எழும்வரை திரும்பவில்லை.