அந்தப் பாறைக்கு வழி தெரிந்தவன்

சாமுவேல் சாரின் வலது காலை முடமாக்கியவன் நான். பாறையல்ல, மழையல்ல, அவருடைய கவனக்குறைவும் அல்ல. நான்!

ஊர் வேறு மாதிரி சொல்லும். தச்சநல்லூரில் என் பெயிண்டுக் கடைப் பக்கம் வந்து யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மலையில் விழுந்த மனிதரைச் சுமந்து வந்து காப்பாற்றியவர் என்பார்கள். வருடக்கணக்காக அதைக் கேட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாளும் மறுத்ததில்லை. சில நேரம் அடக்கமாகச் சிரிக்கவும் செய்திருக்கிறேன்.

அப்போது பாளையங்கோட்டையில் காலை நடைக்குச் சேர்ந்து போய்க்கொண்டிருந்த மூவர் நாங்கள். சாமுவேல் சார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என்னைவிட இளையவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். கண்ணன் சீவலப்பேரிக்காரன், ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா, என் வயதுக்காரன். நடை முடிந்து டீக்கடையில் நிற்கும்போது யாராவது ஒருவர் அளந்துவிட வேண்டும் அல்லவா? அது பெரும்பாலும் நான்தான்.

பாபநாசம் போகிற வழியில் ஒரு பாறை மலை இருக்கிறது. உச்சியில் கூரையில்லாத சாஸ்தா பீடம். வேண்டுதல், நேர்ச்சை உள்ளவர்கள் பங்குனியில் கூட்டமாக ஏறுவார்கள். அந்த மலையில் எனக்குத் தெரியாத கல்லே கிடையாது என்று ஒருநாள் சொல்லிவைத்தேன். உண்மை என்ன தெரியுமா? வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, மீசை முளைத்த வயதில், கூட்டத்தோடு கூட்டமாக ஏறியிருக்கிறேன். முன்னால் போனவரின் குதிகாலைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

“அப்பம் எங்களையும் ஒருநா கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி. நான் மலையே ஏறுனதில்ல” என்றார் சாமுவேல் சார்.

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம்... ஆனால் தோளைத் தட்டி, “அதுக்கென்ன சார், நானிருக்கேன்லா” என்றேன்.

ஒரு சனிக்கிழமை போனோம். முந்தின நாள் நல்ல மழை. பாதி மலையில் ஒரு பெரிய பாறை குறுக்கே நின்றது. வலப்பக்கத்துத் தடம் புதருக்குள் போய் மறைந்தது. இடப்பக்கம் மொட்டைப் பாறை, நேரே மேல்நோக்கி. எது வழி? எனக்குத் தெரியவில்லை! தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. யோசிக்கிறவன் போல நிற்பதற்குக்கூட வெட்கம். இடப்பக்கம் கையைக் காட்டிவிட்டு ஏறத் தொடங்கினேன்.

கொஞ்ச தூரத்தில் பாறை செங்குத்தாகிவிட்டது. ஈரம் காயவில்லை. கையையும் முழங்காலையும் ஊன்றித்தான் நகர முடிந்தது.

கண்ணன் கீழேயிருந்து கத்தினான். “ஏலே, இதுதான் வழியா? ஆளு நடந்த தடமே இல்லையே. திரும்பிருவோம்லே!”

இப்போது சொல்லப்போவதுதான் நான் செய்தவற்றில் எல்லாம் கேவலமானது. தயவுசெய்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கேளுங்கள்.

நேர்ச்சைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மலையில் கால் வைத்த பிறகு ‘திரும்புவோம்’ என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். விரதமிருந்து ஏறுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. எங்களுக்கு விரதமும் இல்லை, நேர்ச்சையும் இல்லை. வருகிற வழியில் ஆளுக்கு இரண்டு ஆம்லெட் தின்றுவிட்டு வந்தவர்கள்! ஆனாலும் நான் குரலைத் தாழ்த்தி, பக்தி வழிய வழியச் சொன்னேன். “மலையில வச்சு அந்தச் சொல்லு சொல்லப்படாது. சாமிக்கு ஆகாது.”

கண்ணன் ஏதோ முணுமுணுத்துவிட்டு அடங்கிப்போனான். சாமுவேல் சார் நடுவில் இருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு காலை எடுத்து, வைக்க இடம் தேடி, மறுபடி பழைய இடத்திலேயே ஊன்றினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்... பிறகு மூடிக்கொண்டார்.

ஏன் மூடிக்கொண்டார் என்று அந்த நொடியே எனக்குப் புரிந்தது. அவர் கிறிஸ்தவர். கண்ணனாவது முணுமுணுக்கலாம், இன்னொருவர் சாமியின் காரியத்தில் தான் குறுக்கே பேசுவது மரியாதை இல்லை என்று நினைக்கிற மனிதர் அவர். என் சாமிக்கு அவர் கொடுத்த மரியாதையில் நான் ஒளிந்துகொண்டேன். அவர் வாய் மூடியதைக் கண்டு எனக்கு நிம்மதிகூட வந்தது. ஆம், நிம்மதி! சீ...

சற்று நேரத்தில் பின்னால் ஒரு சத்தம். செருப்பு பாறையில் இழுபடும் சத்தம். அவர் ‘ஐயோ’ என்றுகூடச் சொல்லவில்லை. கீழே ஒரு பிளவில் போய்க் கிடந்தார். வலது முழங்கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இருவர் ஓடி வந்தார்கள். “இங்கன எதுக்கு ஏறுனிய? இப்பிடி யாரும் ஏற மாட்டாவளே!” என்றார் ஒருவர். வேட்டியில் தூளி கட்டிச் சுமந்தது அவர்கள்தான். அடிவாரத்தில் கூட்டம் கூடுகிற நேரத்தில் நான் தூளியின் முன்முனையை வாங்கிக்கொண்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நீங்க மட்டும் கூட இல்லன்னா...” என்றார். நான் கைகளை உருவிக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் சாமுவேல் சார் கண் விழித்து என்னைக் கூப்பிட்டார். காலில் கம்பி, தகடு, கட்டு. “அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. நான் வாயால சொல்லல, ஆனா மனசுக்குள்ள திரும்பிருவோம் திரும்பிருவோம்னுதான் சொல்லிக்கிட்டே வந்தேன். ஒங்க சாமிக்கு அதுவும் கேட்டுட்டு போல” என்றார். பாதி வேடிக்கை, பாதி உண்மை.

உண்மையைச் சொல்லக் கதவு திறந்து கிடந்தது. ஒரு வாக்கியம் போதும். சார், நான் அந்த வழியில் போனதே இல்லை... அவ்வளவுதான்! என்ன சொன்னேன் தெரியுமா? “அதெல்லாம் மனசுல வச்சுக்கிடாதீங்க சார். சாமி பொறுத்துக்கிடும்.”

நான் அவரை மன்னித்தேன்! கால் உடைந்து கிடந்தவரைக் காலை உடைத்தவன் மன்னித்தான். இதைவிட அருவருப்பான ஒன்றை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

கண்ணன் வெளியே வராண்டாவில் நின்றான். “அந்த வழியில நீ முன்ன போனதே இல்ல, என்னலே?” என்றான். நான் சுவரைப் பார்த்தேன். அவன் அதன்பிறகு காலை நடைக்கு வரவில்லை. ஆனால் யாரிடமும் சொல்லவுமில்லை. அவன் சொல்லியிருந்தால் நான் சொல்ல வேண்டியிருந்திருக்காதே என்று சில நாள் அவன்மேலேயே எனக்குக் கோபம் வரும். பாருங்கள் என் யோக்கியதையை!

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சாமுவேல் சார் என்னைக் கோவிலுக்கு அழைக்கிறார். ஜெப நேரத்தில் எல்லோரும் முழங்காலிடுகிறார்கள். அவரால் முடியாது. காலை நீட்டியபடி பெஞ்சில் உட்கார்ந்து தலையை மட்டும் குனிகிறார். பக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு கால்களும் நன்றாக இருக்க.

போன வாரம் அவர் மகள் எஸ்தர் கடைக்கு வந்தாள். கல்லூரியில் படிக்கிறாள். தோழிகளோடு அந்த மலை ஏறப்போகிறாளாம். “அப்பா ஒங்க கூடன்னாதான் விடுவேன்னு சொல்லுதாங்க மாமா. ஒங்களுக்கு அந்த மலை அத்துப்படியாமே!”

சரி என்றேன். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

இன்று மத்தியானம் அவளுக்குப் போன் செய்து, இடுப்புப் பிடித்துக்கொண்டது, வர முடியாது என்றேன். அவளாகப் பயணத்தை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

“பரவாயில்ல மாமா, ஒடம்பப் பாத்துக்கிடுங்க. நீங்க வழிய மட்டும் சொல்லுங்க, நாங்க பைய போயிக்கிடுதோம். நீங்க வழி சொல்லிட்டீங்கன்னா அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“குறுக்க ஒரு பெரிய பாறை வரும். அதுல வலப்பக்கம் போம்மா” என்றேன்.

“அதுக்கப்புறம் மாமா?”

புதருக்குள் போன அந்தத் தடம் எங்கே போகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. “நேரே போனா வந்துரும்” என்றேன்.

எழுதிக்கொண்டாள் போலிருக்கிறது. நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

நாளைக் காலை அந்தப் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். போன் இதோ, கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கிறது. அவளைக் கூப்பிட்டு ‘எனக்கு வழி தெரியாது’ என்று சொல்லாமல், முன்பின் அறியாத உங்களிடம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்... தூ!