வெடி வைக்கட்டுங்களா, மாப்பிள்ளை?

போன வாரம் தீபாவளியன்று காலை, முந்தின நாள் மழையில் நனைந்து கிடந்த சோளக்காட்டுக்கு ஒருவர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார் — புது வேட்டியோடு.

யார் என்கிறீர்களா? மாப்பிள்ளை. அதுவும் தலைதீபாவளி மாப்பிள்ளை.

பண்டிகை நாளில் எனக்கு வீட்டில் கால் நிற்காது. வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். தொல்லை தாங்காமல் இந்த வருடம் வீட்டுக்காரி என்னைப் பொங்கலூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கிளப்பிவிட்டாள். அண்ணன் மகள் சரஸ்வதிக்குத்தான் தலைதீபாவளி.

மாப்பிள்ளை பழனிச்சாமி பட்டாளத்துக்காரர். போன வருடச் சண்டையில் எல்லையில் இருந்தவர். பட்டாளத்தை விட்டு வந்து இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டாளத்து மாப்பிள்ளை அல்லவா... கூடை நிறைய அணுகுண்டு வெடி வாங்கி வைத்திருந்தார். முதல் வெடி மாப்பிள்ளை கையால்தான். அதைப் பார்க்கப் பங்காளிகள் எல்லாம் விடியும்போதே வாசலில் ஆஜர்.

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். ஊருக்குள் எங்கோ ஒரு வெடி. கையிலிருந்த காப்பி டம்ளர் உருண்டது. “காட்டுக்குப் போய்ட்டு வந்தர்றனுங்க” என்று எழுந்தவர்தான். கொஞ்ச நேரத்தில் சோளக்காட்டுக் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின் தடதடக்கிறது.

வாசலில் முணுமுணுப்பு. “மாப்ளைக்குக் கோவமாட்ட இருக்குதுங்க.” “மோதரம் கீது போடலீங்களா?”

சரஸ்வதி புதுச்சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். அவர் அப்படியே பஸ் ஏறிவிட்டால்? தலைதீபாவளியன்று புருஷன் கோபித்துக்கொண்டு போனான் என்ற பேச்சு ஆயுசுக்கும் ஓயாதே. நான் அண்ணனை இழுத்துக்கொண்டு காட்டுக்கு நடந்தேன்.

“ஏனுங்க மாப்ள, எங்க மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?” என்றார் அண்ணன்.

“வருத்தமெல்லாம் இல்லீங்க மாமா.” இன்ஜினையே பார்த்துக்கொண்டு சொன்னார். “இந்தச் சத்தத்துல நின்னா மனசுக்கு ஒண்ணும் தோணறதில்லீங்க. கம்பெனியிலயும் அப்படித்தானுங்க. வெடி அப்படி இல்லீங்க... அடுத்தது எப்ப, எங்கன்னு ஒடம்பு காத்துக்கிட்டே கெடக்குது. நான் அடுத்த பஸ்ஸுல போய்க்கறனுங்க. சரசு இங்கயே இருக்கட்டுங்க.”

சண்டை பார்த்தவனுக்குச் சத்தம் ஒரு பொருட்டா என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். யாராவது அவரை ஒரு வார்த்தை கேட்டோமா? எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணன் இன்ஜின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார்.

“சொல்லிப்போட்டு வெச்சா தாங்குமுங்களா?”

“சொல்லிட்டு வெச்சா... பாக்கலாமுங்க.”

கௌரவம் பார்க்கிற மனுஷன் என் அண்ணன். அவர் அன்றைக்கு வீடு வீடாகப் போனார். “எங்க மாப்ளைக்குத் திடீர்ச் சத்தம் ஆகாதுங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டு வெய்யுங்க” என்று ஒளிக்காமல் சொன்னார்.

கொங்கு நாட்டுக்காரர்களிடம் மரியாதை கேட்டால் கொஞ்சமாகவா கொடுப்பார்கள்? மத்தியானம், காட்டிலிருந்து திரும்பிய மாப்பிள்ளை இலையில் உட்கார்ந்திருக்கிறார். எதிர் வீட்டிலிருந்து ஒரு குரல்: “மாப்ளைங்க, லட்சுமி வெடிங்க. வெக்கட்டுங்களா?”

“வெய்யுங்க.”

டமார்.

பக்கத்து வீட்டிலிருந்து: “இது சரமுங்க. கொஞ்சம் நீளமுங்க.”

“செரிங்க.”

ஒவ்வொரு வெடிக்கும் தோள் தூக்கிப் போடத்தான் செய்தது. ஆனால் இலையை விட்டு எழவில்லை. இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரம் சரஸ்வதி ஊதுபத்தியோடு வாசலில் இறங்கினாள். அண்ணன் வாங்கிய கூடையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துத் தரையில் நிறுத்தினாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

“ஏனுங்க, வெக்கட்டுங்களா?”

“இரு.” எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். “ம்... வை.”

அதற்கப்புறம் அந்த வாசலை விட்டு எனக்கும் கால் நகரவில்லை — சொன்னால் வீட்டுக்காரி நம்ப மாட்டேன் என்கிறாள்.