சீனி போட்ட பாரோ மன்னர்

பள்ளிக்கூட மேடைகளில் நான் பெயர் வாங்கியதெல்லாம் அசையாத வேடங்களில்தான். ஒரு ஆண்டு விழாவில் மரமாக நின்றேன். அடுத்த விழாவில் மலை. முருகனாக அந்த மலைமேல் ஏறியவன் என் காலை மிதித்துவிட்டான் என்று மலை வாய்விட்டு அழுததால், மறு ஆண்டு திரும்பவும் மரமாக்கிவிட்டார்கள். வசனம் என்று ஒன்றைக் கொடுத்தால் அது என் மூளைக்கும் வாய்க்கும் நடுவில் எங்கேயோ வழி தவறிப்போகும். ஆகவே, ஐந்தாம் வகுப்பில் உலக வரலாற்றுக் கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்றதும் அலெக்சாண்டர் வேடம் எனக்குத்தான் என்று நான் நம்பியதற்கு எந்த முகாந்திரமும் கிடையாது. பிணமாகத்தான் தேர்வானேன்.

தேர்வு செய்தவள் என் சித்தி, அம்மாவின் தங்கை. வரலாற்றில் பட்டம் முடித்துவிட்டு, ராஜபாளையத்தில் நான் படித்த பள்ளியிலேயே தற்காலிகமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மதுரைக்குப் போய் மேலே படிக்க வேண்டும். தாத்தாவுக்கு அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டும். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த தாத்தாவின் வீட்டில் விவாதம் என்று ஒன்று நடந்ததில்லை, உத்தரவு மட்டும்தான். சித்தி விடாமல் நச்சரித்ததில் அந்த உத்தரவு கொஞ்சம் தளர்ந்து இப்படி வந்து நின்றது: பேசிக்கொண்டிருக்கும் இடம் கூடிவந்தால் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றால் மதுரை. தேவதானத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த, சித்தியை நேரில் பார்த்தே இராத ஒரு குடும்பத்தின் கையில் அவள் படிப்பு இருந்தது. அவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம். சித்தி சொல்வதற்கு அந்த உத்தரவில் இடம் இல்லை.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது, முதல் தடவை, பெண் பார்ப்பதாக நடக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் தற்செயலாகச் சாமி கும்பிட வரும். பிரகாரத்தில் தற்செயலாக எதிர்ப்படும். பிடித்திருந்தால் தட்டோடு வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்ட புண்ணியத்தோடு சரி, யாருக்கும் தலைக்குனிவு இல்லை. சித்தியோ கோயிலுக்கு வரமாட்டேன், கண்காட்சி வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கண்காட்சி நடக்கப்போவதும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான், சுற்றுவட்டாரப் பள்ளிகளெல்லாம் ஆளுக்கொரு தலைப்பில் சேர்ந்து. அம்மா யோசித்தாள். இதுவும் ஆண்டாள் செய்த ஏற்பாடு என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரைத் தற்செயலாகக் கண்காட்சிக்கே வரச் சொல்லிவிட்டாள். சித்திக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லும் பேச்சே இல்லை. என் காதில் போட்ட ரகசியம் தெருமுனை டீக்கடையில் கேட்கும் என்பது குடும்பம் பட்டு அறிந்த பாடம்.

எனக்கு அந்த நாட்களில் இருந்த ஒரே கவலை மூளையைப் பற்றியது. எகிப்தில் பாரோ எனும் ராஜா செத்தால், என்னைச் சுற்றப்போவது போல உடம்பைத் துணியில் சுற்றிப் பாடம்பண்ணுவதற்கு முன்னால் மூக்கு வழியாகக் கொக்கி விட்டு மூளையை இழுத்து எடுத்துவிடுவார்கள் என்று சித்தி சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. மூக்கிலிருந்து மூளைக்கு வழி இருக்கிறதா? இருந்தால், சளி பிடிக்கும்போது வாய்ப்பாடெல்லாம் ஒழுகிப்போகாதா? எடுத்ததை எங்கே போடுவார்கள்? மூளை இல்லாமல் மேலுலகம் போன ராஜா அங்கே எதை வைத்து யோசிப்பார்?

"இருதயத்த மட்டும் உள்ளயே விட்ருவாங்கலே. யோசனையெல்லாம் அதுக்குள்ளதான் நடக்குன்னு அவங்க நெனப்பு" என்றாள் சித்தி.

"அப்ப எனக்கு எப்படி எடுப்பாங்க?"

"ஒனக்கு எடுக்கிற வேலையே இல்ல. கொக்கி சும்மா போயிட்டுச் சும்மா வரும்."

ஒரு ஈர்க்குச்சியை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். தும்மல்தான் வந்தது. சித்தி சொன்னது சரியாக இருக்கலாம் என்று பட்டது.

அப்பா பேண்டேஜ் துணி நெய்கிற ஆலையில் சூப்பர்வைசர். ஊர் உலகத்தில் யாருக்கோ அடிபட்டால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும் என்று தாத்தா கேலி செய்வார். ஆகவே மற்றப் பள்ளிக்காரர்கள் பழைய வேட்டியைக் கிழித்து ஒப்பேற்றக்கூடிய இடத்தில் எங்களுக்கு அசல் துணியே கிடைத்தது. கரை சரியில்லை என்று கழித்த சுருள்களை அப்பா ஒரு மூட்டையாகவே கொண்டுவந்து இறக்கினார். ஆனால் துணி பால்வெள்ளை. ஆயிரக்கணக்கான வருடம் கல்லறையில் கிடந்த துணி அப்படியா இருக்கும்? டீத்தண்ணியில் முக்கிக் காயப்போட்டால் பழசாகிவிடும் என்றாள் சித்தி.

இந்த இடத்தில்தான் அப்பா யோசித்தார். இதற்கென்று வேலைமெனக்கெட்டு யார் டீத்தூளைக் கொதிக்கவைப்பது? ஆலை கேண்டீனில் மிஞ்சிய டீயை ஒரு கேன் நிறைய வாங்கிவந்து, சுருள்களை அதில் ஊறவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டார். நிறம் அற்புதமாக வந்தது. சித்தியே அசந்துபோனாள். கேண்டீன் டீ என்றால் பாலும் சீனியும் கலந்தது என்பது தினசரி அதைக் குடிக்கிற அப்பாவுக்கே தோன்றவில்லை என்றால், மற்றவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? துணி கையில் லேசாக ஒட்டியதைப் பழமையின் அடையாளமாக எடுத்துக்கொண்டோம். புளித்த வாடை ஒன்றும் அடித்தது. பிணம் என்றால் கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும் என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கண்காட்சி அன்று ஒரு நீளமான வகுப்பறையில் உலக வரலாற்றைப் பரப்பிவைத்தோம். வாசலில் நெருப்பும் சக்கரமும். சக்கரம், நிஜமான மாட்டுவண்டிச் சக்கரம். அதை ஒட்டி எகிப்து. அப்புறம் கிரேக்கம், ரோமாபுரி, சீனத்துக் காகிதமும் பெருஞ்சுவரும், அச்சு இயந்திரம். கடைசி மேசையில் கொலம்பஸின் கப்பல்களும், கோழிக்கோட்டில் வந்து இறங்கும் வாஸ்கோடகாமாவும். கற்காலத்தில் செருப்பைக் கழற்றிப்போட்டு உள்ளே நுழைகிறவர், செத்த நேரத்தில் கோழிக்கோடு வழியாக வெளியே வந்துவிடலாம். அலெக்சாண்டராக நின்றவன் தன் அப்பாவின் ஹெல்மெட்டில் விளக்குமாற்றுக் குச்சிகளைச் செருகியிருந்தான்.

என்னை ஜட்டியோடு நிறுத்தி, காலிலிருந்து தலை வரைக்கும் சுற்றினார்கள். மூக்குக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தங்கநிறம் அடித்த ஒரு மரப்பெட்டியில் கிடத்தி, மூச்சு விடுவதைத் தவிர வேறு எதுவும் செய்யக்கூடாது என்றாள் சித்தி. நடுவர்கள் இன்னார் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள், சாதாரண ஆட்களைப் போல வந்து கேள்வி கேட்பார்கள், ஜாக்கிரதை. முடிந்ததும் பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூரில் சும்மா கிடப்பதற்கு இதைவிட நல்ல கூலி கிடையாது.

உலக வரலாறு எனக்குக் காது வழியாகத்தான் வந்தது. "நான் உலகை வென்றவன்" என்று அலெக்சாண்டர் அடிக்கொரு தரம் அறிவித்தான். அடுத்த வரி மறந்துபோனதால் திரும்பத் திரும்ப வென்றுகொண்டே இருந்தான். "ஏலே, உசுரோட இருக்கானா பாருலே" என்று யாரோ என் வயிற்றில் விரலால் குத்தினார்கள். ஒரு ஆச்சி என் பாதத்தைத் தொட்டு "ரங்கா, ரங்கா" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். அந்த ஊரில் படுத்திருந்தால் பெருமாள்தான்.

அப்புறம் அம்மாவின் குரல் கேட்டது. கூடவே புதிதாக ஒரு பெண்குரல், அதட்டலான குரல்.

"ஏம்மா, இந்த ஊர்க்காரவுக என்ன சாப்புடுவாக?"

"கோதுமை ரொட்டி, வெங்காயம்" என்றாள் சித்தி.

"கொழம்பு?"

"அதப்பத்தித் தெரியலம்மா."

"நீ வைப்பியா?"

சித்தி என் காலருகே துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"காலைல எம்புட்டு மணிக்கு எந்திரிப்ப?"

கேள்வி எகிப்தை விட்டு விலகிப்போகிறதே என்று நான் உள்ளே யோசித்தேன். சந்தேகமே இல்லை, நடுவர்தான். கண்டபடி கேட்டுத் திணறடிக்கிறார். "வாங்க, சீனாவப் பாப்போம்" என்று அம்மா நைச்சியமாக அவரை நகர்த்திக்கொண்டு போனாள். நடுவரையே கைக்குள் போட்டுக்கொண்ட அம்மாவை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாவது நடுவர் நகரவில்லை. ஆண்குரல், மெதுவான குரல்.

"நெசமாவே உள்ள ஆள் இருக்கா?"

"எங்க அக்கா மகன். தூங்கிட்டான்னு நெனைக்கேன்."

"இதெல்லாம் நேர்ல போயிப் பாக்கணும்னு ஆசையோ?"

"மொதல்ல மதுரைக்குப் போணும். அதுக்கே வழியக் காணோம்."

அந்தப் பக்கம் அலெக்சாண்டர் இன்னொரு முறை உலகை வென்றான்.

"நீங்க வந்த காரியம் புரிஞ்சுபோச்சு. வேண்டாம்னு சொல்லிருங்க. நான் சொன்னா எங்க வீட்ல எடுபடாது" என்றாள் சித்தி. வகுப்பில் அவ்வளவு தாழ்ந்த குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"சொல்லலாம். எங்கம்மா காரணம் கேப்பாக. உங்களக் குத்தம் சொல்லாத காரணமா இருக்கணும்லா? அப்படி ஒண்ணும் தோணலயே."

"யோசிச்சுப் பாருங்க."

"செத்த நேரம் குடுங்க."

எனக்குத் திகைப்பாக இருந்தது. பரிசு வேண்டாம் என்று நடுவரிடம் போய்க் கெஞ்சுகிற ஆளை உலக வரலாற்றில் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? வேலையெல்லாம் இவள் செய்வாளாம், பரிசு மட்டும் வேண்டாமாம். அவர் முகத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்று துணிக்குள்ளே ஒரு கண்ணைத் திறக்க முயன்றேன்.

அப்போதுதான் முதல் எறும்பு கடித்தது.

சுள்ளெறும்பு. ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்திலிருந்து, கேண்டீன் டீயின் வாசனையைப் பிடித்து, அணிவகுத்து வந்திருக்கின்றன. முதலில் முழங்காலில் சுருக்கென்றது. ராஜாக்களுக்கு இப்படியெல்லாம் இருக்கும் போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்தது தொடையில். அதற்கு அடுத்தது எங்கே என்று சொல்லமாட்டேன். எந்தப் பாரோ மன்னரும் அந்தக் கடியைத் தாங்கிப் படுத்திருக்க முடியாது.

எழுந்தேன்.

அதட்டல் குரல் சீனாவிலிருந்து "ஐயோ, பொணம் எந்திரிச்சிருச்சே!" என்று அலறியது. எனக்குக் கண் தெரியவில்லை. துணியின் நுனி வண்டிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டதும் தெரியவில்லை. ஓடினேன். ஓட ஓட அவிழ்ந்தேன். உலகை வென்றவன் வீல் என்று கத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தான். ரோமாபுரி உண்மையில் விழ எடுத்துக்கொண்ட காலத்தைவிடச் சீக்கிரமாக விழுந்தது. பெருஞ்சுவர் தெர்மாகோல்தான், எதிர்ப்புக் காட்டவில்லை. அச்சு இயந்திரத்தின் மை என் மேல் கொட்டியது. கொலம்பஸின் கப்பல்களை மூழ்கடித்துவிட்டு, வாஸ்கோடகாமாவுக்கு முன்னதாகவே ஜட்டியோடு கோழிக்கோட்டில் போய் விழுந்தேன். எனக்குப் பின்னால் எகிப்திலிருந்து கேரளம் வரைக்கும் ஒரே துணி.

ஒரு கை என்னை அலாக்காகத் தூக்கிக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போனது. தலையில் தண்ணீர் விழுந்தது. கண்ணுக்கு மேல் ஒட்டியிருந்த கடைசிச் சுற்றைப் பிய்த்ததும் பார்த்தேன்: ஒட்ட வெட்டிய தலைமுடி, வெயிலில் கறுத்த முகம். முதுகிலிருந்து எறும்புகளைத் தட்டிவிட்டுக்கொண்டே அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"கை குடுலே" என்றார். அந்த மெதுவான குரல். என் மை படிந்த கையைப் பிடித்துப் பெரிய மனிதருக்குக் குலுக்குவது போலக் குலுக்கினார். இடிந்துகிடந்த ரோமாபுரியின் வாசலில் நின்று சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள், சிரிப்பிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடுவரே கை குலுக்கிய பிறகு சந்தேகம் என்ன, முதல் பரிசு நமக்குத்தான் என்று நான் நின்றேன். முதல் பரிசு பக்கத்து அறையில் வேறொரு பள்ளி வைத்திருந்த சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போனது.

சில நாள் கழித்துத் தேவதானத்திலிருந்து தகவல் வந்தது. பெண் தங்கமான பெண், ஆனால் பார்க்கப் போன இடத்தில் பிணம் எழுந்து ஓடியது மாப்பிள்ளைக்கு நல்ல சகுனமாகப் படவில்லையாம். மாப்பிள்ளை பட்டாளத்தில் இருப்பவர், விடுப்பில் வந்திருந்தவர். "எல்லையில நிக்கிற பய சகுனமாடா பாப்பான்?" என்று தாத்தா காற்றைப் பார்த்துக் கேட்டார். சகுனத்தோடு யார் மல்லுக்கட்டுவது? சித்தியை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொன்ன வாக்குப்படி மதுரை. அம்மாவுக்கு மட்டும் ஆறவில்லை. "ஒரு பொழுது பொணமாக் கெடக்கத் துப்பில்லாத பய, இவனால வந்த நல்ல எடம் போச்சு" என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னாள். அப்பா டீ கேனைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் அந்த மாப்பிள்ளை எங்கே நின்றிருப்பார், எப்படி இருப்பார் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பிடிபடவில்லை.

சித்தி மதுரைக்குக் கிளம்பிய அன்று ராஜபாளையம் பேருந்து நிலையத்தில், வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அந்த ஜட்ஜு கையெல்லாம் குடுத்தாரு. பரிசு குடுக்கலயே சித்தி?"

"குடுத்தாரேலே" என்றாள்.

"எப்ப? எங்க?"

"பையப் பாத்துக்கோ" என்று என் மடியில் வைத்துவிட்டு, மதுரை வண்டி எங்கே நிற்கும் என்று விசாரிக்கப் போனாள். அவள் தலை மறைந்ததும் பையைத் திறந்தேன். மடித்த சேலைகள், சோப்பு டப்பா, அம்மா கட்டிக்கொடுத்த முறுக்குப் பொட்டலம். அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவினேன். கேடயம் மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. எங்கேயோ பத்திரமாக ஒளித்துவைத்திருக்கிறாள் என்று முடிவு செய்து, ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு பையை மூடினேன்.