கிவ்வுக்கும் கேவ்வுக்கும் நடுவில்

இங்கே காலையில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் "யூ ஆல்ரைட்?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பதில்லை. வந்த முதல் வாரம், என் முகத்தில் ஏதோ நோய் தெரிகிறதோ என்று பயந்து, கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டேன். அது வணக்கம் மாதிரி என்று பிறகுதான் புரிந்தது. பயம் மட்டும் போகவில்லை. இங்கிலாந்தின் ஒரு சிறிய ஊரில், முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். சீருடை மாட்டும்போதே, அன்றைக்குப் பேச வேண்டிய வாக்கியங்களை வாய்க்குள் சொல்லிப் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

நான் சென்னையில் கோவிலம்பாக்கத்துக்காரி. பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, குரோம்பேட்டையில் ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸுகளுக்கு உதவியாளராக இருந்தேன். வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும் என்றதும், தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் செருப்புக் கடை மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். கீழே பஸ் ஹாரன் அடித்தால் பாதிப் பாடம் காதில் விழாது. சொல்லித்தந்த ஸ்டெல்லாவுக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. நான் அவளை மிஸ் என்பேன். அவள் என்னை அக்கா என்பாள்.

"அக்கா, நேத்து நடந்ததுக்கு கிவ் வராது. கேவ் சொல்லுங்க."

"இன்னா மிஸ், ரெண்டும் ஒண்ணுதான? அவுங்களே புரிஞ்சிக்க மாட்டாங்களா?"

"புரியலன்னா என்னக்கா பண்ணுவீங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கொடு, கொடுக்கிறேன், கொடுத்தேன் என்பதில் தமிழில் யாராவது தடுக்கி விழுவார்களா? தேர்வில் எப்படியோ கரையேறினேன். நிதானமாக எழுதினால் எல்லாம் சரியாக வரும். அவசரத்திலும் பயத்திலும்தான் காலம் குழம்பிப்போகும்.

போன மார்கழியில் அதுதான் நடந்தது. மாத்திரைகளைப் பதியும் கணினி அன்று காலையிலிருந்து வேலை செய்யவில்லை. காகிதத்தில் எழுதி வைக்கச் சொன்னார்கள். ஆலன் என்ற முதியவருக்கு நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு ஒன்றேதான். காலை உணவுக்குப் பின் கொடுத்தேன். குறிப்பும் எழுதினேன். இரண்டு மணிக்கு வேலை முடிந்து பஸ் ஏறினேன். தினமும் செய்வதுபோல, அன்று எழுதிய ஆங்கிலத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நான் எழுதியிருந்தது 'கிவ் ஆலன் ஹார்ட் டேப்லட்'. கொடுத்தேன் என்று இல்லை, கொடு என்று எழுதியிருந்தேன்.

மதியம் வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு இன்னொரு மாத்திரை கொடுத்துவிடுவார்களே. எனக்கு டெலிபோனில் ஆங்கிலம் பேசுவது என்றாலே நடுக்கம். முகம் தெரியாது, கை காட்ட முடியாது. இருந்தும் இல்லத்தைக் கூப்பிட்டேன். மதிய வேலைக்கு வந்திருந்த கேரன் எடுத்தாள்.

"கேரன், ஆலன் டேப்லட்... மார்னிங்... ஐ..."

"ஸோ யூ டிடின்ட் கிவ் இட்?"

நீ கொடுக்கவில்லையா என்கிறாள். நம் பேச்சில் இதற்கு என்ன சொல்வோம்? இல்லை, கொடுத்தேன் என்போம். அதுவே வாயில் வந்தது. "நோ, நோ! கிவ்!"

"ரைட். ஐ வில் கிவ் இட் நவ்." போனை வைத்துவிட்டாள்.

இல்லை, கொடுக்கவில்லை, நீ கொடு என்றுதான் அவள் காதில் விழுந்திருக்கிறது. மறுபடி கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, இல்லத்துக்குத் திரும்ப ஓடினேன். மேடேறும் சாலை. பனியில் கால் வழுக்கியது. ஆலன் செத்துப்போவார், என்னைச் சிறையில் போடுவார்கள், ஊரில் என் மகளிடம் யார் போய்ச் சொல்வார்கள் என்றெல்லாம் ஓடியது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது, ஆலன் ஒரு கையில் தண்ணீர் கிளாஸை வைத்திருந்தார். இன்னொரு கையில் மாத்திரைக் கிண்ணத்தை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"குடுக்காதே! வேணாம், வேணாம்!"

படித்த ஆங்கிலம் எதுவும் வரவில்லை. கோவிலம்பாக்கம் குரலில் கத்தினேன். கேரனுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்தவள் சட்டென்று கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்து, ஐ கேவ், ஐ கேவ் என்று அழுதேன்.

வேலை போகவில்லை. ஆனால் இரண்டு மாதம் மாத்திரைப் பக்கம் போகக் கூடாது என்றார்கள். வாரம் மூன்று நாள் இலக்கண வகுப்பில் உட்கார்ந்தேன். இப்போது வாயைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு வாக்கியத்தையும் உள்ளே நிறுத்தி, யார், எப்போது, முடிந்ததா முடியவில்லையா என்று சோதிக்கிறேன். தப்பு குறைந்திருக்கிறது. "யூ ஆர் வெரி கொயட்" என்கிறாள் கேரன்.

சித்திரையில் விடுப்பில் ஊருக்குப் போனேன். தாம்பரம் போய் ஸ்டெல்லாவைப் பார்த்துவிட்டு, மேடவாக்கத்தில் ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

"எங்கக்கா எறங்கணும்?" என்றார் டிரைவர்.

பதில் உள்ளே தயாராகிக்கொண்டிருந்தது. இறங்கணும், இறங்குவேன், இறங்குகிறேன்.

"இன்னாக்கா, ஊருக்குப் புச்சா?"

பிறந்து வளர்ந்த ஊர் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் எங்கள் தெரு முனை பின்னால் போய்விட்டது.